சத்தம் போடாத பந்து வாங்கலாமா?

மகள் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறாள். பந்து போகிறது, சுவரில் படுகிறது, பாதித் தூரம் திரும்பி வருகிறது, அவள் முன்னால் போய்ப் பிடிக்கிறாள். சத்தம் இல்லை. இந்தப் பந்து வந்த முதல் கிழமை முழுவதும் பிள்ளை அறைக்குள் இருக்கிறாளா என்று குசினியிலிருந்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தபடி இருந்தேன். ஊரில் பிள்ளைகள் இருக்கிற இடத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்போம். புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் இருந்தபடியே அம்மாவுக்கு எல்லாம் தெரியும். துலா கிறீச்சிட்டால் அண்ணன் கிணற்றடியில் நிற்கிறான். படலை அடிபட்டால் அப்பா வந்துவிட்டார். பக்கச் சுவரில் டொம் டொம் என்று கேட்டால் நான் பந்தடிக்கிறேன். சத்தம் நின்றால்தான் அம்மாவுக்குப் பயம். "என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?" என்று அடுப்படியிலிருந்தே கூப்பிடுவார். நான் பதில் சொல்லும் வரைக்கும் அகப்பை சட்டியில் படாது.

இதை எழுத வைத்தவள் வேலணையில் இருக்கிற பத்மா. நானும் அவளும் முந்தி ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவளுடைய கணவர் லண்டனில் மேல்மாடி அறை ஒன்று எடுத்துவிட்டார், அடுத்த மாதம் அவள் இரண்டு பெடியன்களோடும் வருகிறாள். வால் ஒன்றுதான் அவர்களுக்குக் குறை. "அக்கா, அங்க வீட்டுக்குள்ள விளையாடுறதுக்குச் சத்தம் போடாத ஸ்பொஞ்ச் பந்து விக்கிறாங்களாம். காசைக் குடுத்து வாங்கலாமோ? இல்லாட்டி இஞ்சயிருந்து ரப்பர் பந்தைக் கொண்டு வரட்டோ?" என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஒரு வரியில் முடியவில்லை. பிள்ளைகளோடு மேல்மாடிகளில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். மிஸ்டர் பெனட் என்ற வெள்ளைக்காரருடைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. அது கிடைப்பதற்கு முன் நாலு மாதம் என் கணவருடைய நண்பர் ஒருவரின் முன்னறையில், அவர்களுடைய சோபாவை நகர்த்திவிட்டுப் பாய் விரித்துப் படுத்தோம். தொலைபேசியில் அறை இருக்கிறது, வந்து பாருங்கள் என்பார்கள். போய் நின்றால், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்பார்கள். முகத்தைப் பொறுத்துக்கொண்ட ஒன்றிரண்டு பேர் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பெனட் இரண்டையும் பொறுத்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. பேக்கரி ஒன்றில் இரவு வேலை செய்கிறவர், காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் மேலே சத்தம் கேட்கக்கூடாது. "நாங்கள் அமைதியான ஆட்கள்" என்று இவர், என் கணவர், ஆங்கிலத்தில் சொன்னார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன், அவர் அப்படித்தான் நம்பினார். தீவுப்பகுதியார் இரகசியம் பேசினால் கடலுக்கு அங்காலையும் கேட்கும் என்று யாழ்ப்பாணப் பட்டினத்தார் எங்களைப் பகிடி பண்ணுவது பெனட்டுக்குத் தெரியாதுதானே.

பத்தாம் நாள் கதவுக்குக் கீழால் முதல் காகிதத் துண்டு வந்தது. நான் காலையில் திருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவியிருந்தேன். பலகைத் தரை, அது அவருடைய தலைக்கு மேல் மேளம் அடித்திருக்கிறது. கொஞ்சம் கன்சிடரேற்றாக, மற்றவரையும் நினைத்து, இருக்க முடியுமா என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து திருவலை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது, பெட்டியில் விற்கிற காய்ந்த தேங்காய்ப்பூத்தான் கறிக்கு. இரண்டாவது துண்டு மகள் வதனியின் ரப்பர் பந்துக்கு வந்தது. ஊரிலிருந்து வரும்போது அண்ணன் சாட்டிக் கடற்கரையில் வாங்கிக் கொடுத்த பந்து அது. ஆறு வயதுப் பிள்ளை, வெளியே மழை, என்ன செய்வாள்? அந்த இரண்டாவது துண்டில், இன்னொரு முறை இப்படி நடந்தால் நீங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தது. இவர் அதை வாசித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த முன்னறையும் சோபாவும் என் கண்ணுக்கு முன்னே வந்து நின்றன.

அந்தச் சனிக்கிழமையே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். சத்தம் போடாத பந்து வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, ஈரமில்லாத தண்ணீர் தாருங்கள் என்று கேட்பதுபோல. ஆனால் கடைக்கார இளைஞன் சிரிக்கவில்லை. ஒரு தோடம்பழம் அளவில் சிவப்புப் பந்து ஒன்றை எடுத்துத் தந்தான். அமுக்கிப் பார்த்தேன், கைக்குள் ஒன்றுமில்லாமல் போய், விட்டதும் மெல்ல வளர்ந்து வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஏதோ குறை சொல்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். "உள்ளே ஒன்றுமில்லை மேடம். வெளியே இருப்பதுதான் உள்ளேயும்" என்று அவசரமாகச் சொல்லி, அதைக் கண்ணாடி அலுமாரியில் எறிந்து காட்டினான். கண்ணாடி அசையவில்லை. வீட்டில் இவர் விலையைக் கேட்டுவிட்டு, "சத்தம் போடாத பந்துக்கு இவ்வளவோ?" என்றார். "சத்தமில்லாததுக்குத்தானே இஞ்ச விலை" என்றேன். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

பத்மா, பந்தின் குணங்கள் இவை. நிலத்தில் அடித்தால் எழும்பாது, செத்த நண்டு மாதிரிக் கிடக்கும். சுவரில் எறிந்தால் அரைவாசித் தூரம் திரும்பி வரும், பிள்ளை முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும். யன்னல் உடையாது, விளக்கு உடையாது. நகத்தால் கிள்ளினால் துகள் துகளாக வரும், உம்முடைய சின்னவன் எதையும் வாயில் வைக்கிறவன் என்றால் கவனம். காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் பட்டால் போகாது. ஏன் மஞ்சள் பட்டது என்று கேட்பீர், அதற்குத்தான் வருகிறேன்.

பந்து வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, வதனிக்குப் பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்றில், அண்ணனுடைய நீலக் கடிதம் வந்தது. காலை பத்து மணி இருக்கும். இவர் வேலைக்குப் போய்விட்டார். கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். "அம்மா போய்விட்டா. உன்னால் வர ஏலாது என்று தெரியும். தந்தி அடித்து அந்நிய ஊரில் உன்னைக் கலங்கப்பண்ணக் கூடாது என்று எல்லாம் முடிந்தபிறகு எழுதுகிறேன். எட்டுச்செலவும் முடிந்தது, கீரிமலையில் அந்தியேட்டியும் குறையில்லாமல் முடிந்தது. முப்பத்தொரு நாளும் கழிந்துவிட்டபடியால் உனக்கு இனித் துடக்கு இல்லை. நீ தலையோடு தோய்ந்தால் காணும்." அண்ணன் நல்லவன். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, கையெழுத்துக்கூட வழக்கத்தைவிட வடிவாக இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலை இறக்கினேன். அழுகை வரவில்லை. அழுகை வரவில்லையே என்ற பதற்றமும் வரவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

என் அம்மா அழுவதில் பெயர் எடுத்தவர். மடத்துவெளியில் எந்த வீட்டில் செத்தவீடு என்றாலும் முதலில் அம்மாவுக்கு ஆள் வரும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒழுங்கையால் போவார். செத்தவீட்டுப் படலையைத் தாண்டும் வரைக்கும் முகத்தில் ஒன்றுமிருக்காது. தாண்டியதும் இரண்டு கையையும் விரித்து ஒரு குரல் எடுப்பார், உள்ளே அதுவரை மரம்போல் இருந்த மகளோ மனைவியோ எழும்பி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் வாயை வைத்துக் கதறுவாள். அந்தத் தோள் எத்தனை பேருடைய கண்ணீரிலும் எச்சிலிலும் ஊறியது என்று கணக்கில்லை. திரும்பி வந்ததும் அம்மா கிணற்றடியில் தலையோடு தோய்ந்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்தபடி, "உலை வைச்சாச்சோ?" என்று கேட்பார். அது நடிப்பு என்று பதினான்கு வயதில் ஒருநாள் நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "மற்றாக்களோட சேர்ந்து அழாட்டி அழுகை எங்கயடி வரும்? தனிய இருந்து அழ ஏலாது பிள்ளை" என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அண்ணன் சொன்னபடி தோய்ந்தேன். குளியலறைத் தொட்டிக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் குழாயை நூல்போலத் திறந்து, கோப்பையால் மொண்டு வார்த்தேன். அதோடு என் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, முடிந்தது. ஆனால் தலை துவட்டும்போது கணக்கொன்று மனதில் ஓடியது. அம்மா போனது ஒரு வியாழக்கிழமை. நான் அந்தப் பந்தை வாங்கியது அதற்கடுத்த சனிக்கிழமை. அம்மாவைச் சுட்டு இரண்டாம் நாள் நான் விளையாட்டுச் சாமான் கடையில் நின்று பந்தை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, பெரும்பாலும் மீன் பொரித்திருப்பேன். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பட்டுச்சேலையோடு போய்க் கேக் தின்றிருக்கிறேன். அந்த முப்பத்தொரு நாளும் துடக்கு என்னோடு இந்த வீடு முழுக்க நடந்து திரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அப்படியென்றால் வீட்டைக் கழுவ வேண்டும்.

அதற்கு அம்மாவிடம் ஒரு விதி இருந்தது. தண்ணீர் வழிந்து ஓடுகிற சாமானுக்குத் துடக்கு ஒட்டாது, மஞ்சள்தண்ணீர் தெளித்தால் போதும். தண்ணீரைக் குடிக்கிற சாமான் துடக்கையும் குடிக்கும், அதை நனைத்துத் தோய்க்க வேண்டும். சட்டி பானை, கதிரை, வானொலி எல்லாவற்றுக்கும் மஞ்சள்தண்ணீர் தெளித்தேன். கட்டில் விரிப்பு, தலையணை உறை, யன்னல் சீலை, வதனியின் சட்டைகள் எல்லாம் தொட்டிக்குள் போயின. பிறகு பந்து. ரப்பர் என்று தெளித்துவிடலாமா, துணி என்று நனைப்பதா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அம்மாவிடம் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன். தண்ணீருக்குள் அமுக்கினேன். பொருபொருவென்று குமிழி வந்து, பந்து குடிக்கத் தொடங்கியது. குடித்தது, குடித்தது, தொட்டியின் அடிக்கே போய்விட்டது. வெளியே எடுத்தால் ஒரு தேங்காய்ப் பாரம். எவ்வளவு பிழிந்தும் பாரம் போகவில்லை. தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத் துணிகளைக் காயப்போடப் போனேன்.

வதனிக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, தன் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல எறிந்தாள்.

தொம் என்று கேட்டது. சுவர் அதிர்ந்து, மஞ்சள் தண்ணீர் நாலு பக்கமும் சிதறியது. பந்து திரும்பி வரவில்லை, அப்படியே சுவரோடு வழுகி விழுந்தது. வதனி பயந்து என் முகத்தைப் பார்த்தாள். கீழே பெனட் படுக்கிற கட்டில் அந்தச் சுவரோடுதான் இருக்கிறது. மணி பன்னிரண்டு. இது மூன்றாவது சத்தம் என்று எனக்குத் தெரியும், முன்னறையும் சோபாவும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. செத்தவீட்டு வாசலில் பறை முதல் அடி விழும்போது வருகிற சத்தம் அது. ஐந்து கிழமையாக அம்மாவுக்கு நான் கேட்காமல் விட்ட சத்தம். பிள்ளை நான் பேசாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி எறிந்தாள். தொம். இன்னொரு தரமும் எறிந்தாள். மூன்றையும் நின்று கேட்டேன். பிறகு படியில் காலடி கேட்டது.

பெனட் வீட்டு அங்கியோடு, ஒரு பக்கத் தலைமயிர் படிந்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டார். பந்து என்றேன். அந்தப் பந்து சத்தம் போடாது என்றீர்களே என்றார். அது தண்ணீர் குடித்துவிட்டது என்றேன். ஏன் தண்ணீரில் போட்டீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரு விடைதான் இருந்தது. "என் அம்மா இறந்துவிட்டார். அதனால் பந்தைக் கழுவினேன்."

அவர் என்னைப் பார்த்தார், என் ஈரத்தலையைப் பார்த்தார், கயிற்றில் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தார். "இங்கேயா?" என்று என் தோளுக்கு மேலால் அறைக்குள் எட்டிப் பார்த்தார், அங்கே யாரையோ கிடத்தியிருப்பதுபோல. இங்கே இல்லை, ஊரில் என்றேன். எப்போது என்று கேட்டார். ஐந்து கிழமைக்கு முந்தி என்றேன். இன்றைய சாவுக்கென்று அவர் முகத்தில் எழும்பிய ஒன்று, ஐந்து கிழமையைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கியது. அதை நான் பிழை சொல்லவில்லை. "ஐ ஆம் வெரி சொறி" என்றார். தாங்க் யூ என்றேன். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாக, என்றாலும் சத்தத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "யெஸ். சொறி" என்றேன் நான். கதவைச் சாத்தியபிறகுதான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று யோசித்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வந்து படுத்த மனிதர்.

பின்னேரம் இவர் வந்து கடிதத்தை வாசித்தார். "கீழ அந்தாளுக்குச் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"சொறி எண்டவர். சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்."

"வீட்டை விட்டு எழும்பச் சொல்லேல்லையே?"

"சொல்லேல்லை."

இவர் மூச்சு விட்டார். மூச்சு விட்டதற்காக உடனே தலையைக் குனிந்துகொண்டார். "மாமிக்கு நாங்கள் ஒண்டும் செய்யேல்லையப்பா" என்றார். நான் தேநீர் ஊற்றினேன். அடுத்த இரண்டு கிழமையும் காலையில் எழும்பியதும் கதவுக்குக் கீழே துண்டு கிடக்கிறதா என்றுதான் பார்த்தோம். வரவில்லை. அந்த மூன்றாவது சத்தத்தைப் பெனட் சேர்த்தாரா விட்டாரா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. படியில் கண்டால் தலையசைப்பார். நாங்களும் அசைப்போம்.

பந்து காய நாலு நாள் எடுத்தது. யன்னல் விளிம்பில் வைத்து, வதனியைத் தொடவிடாமல் காத்தேன். மஞ்சள் ஒரு பக்கத்தில் ஏறிவிட்டது, அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அது வேறு பந்து. ஐந்தாம் நாள் மத்தியானம், காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையில் எடுத்தேன். கீழே பெனட் நித்திரை. வதனி நிலத்தில் குப்புறப் படுத்து, என் காலடியில், படம் வரைந்துகொண்டிருந்தாள். பந்தை மூக்கில் வைத்து ஈரவாடை அடிக்கிறதா என்று மணந்தேன். மஞ்சளும் சவர்க்காரமும் மணந்தது. ஈரச் சேலையைப் பிழிகிற அம்மாவின் தோள் மணம் ஏறக்குறைய அதுதான். ஏன் என்று தெரியாது, அதில் வாயை வைத்து அமுக்கி, "என்ரை அம்மா" என்று குரல் எடுத்தேன். மெல்ல இல்லை. படலையைத் தாண்டியதும் அம்மா எடுக்கிற அந்த முழுக்குரல். தொண்டை நரம்பு புடைத்தது, காது இரண்டும் அடைத்தன. ஊரில் என்றால் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டிருக்கும், அயலெல்லாம் வேலியால் தலை நீட்டியிருக்கும்.

பந்தை எடுத்துவிட்டு வதனியைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே பத்மா, ரப்பர் பந்தைக் கொண்டுவர வேண்டாம், பெட்டியில் அந்த இடத்துக்கு மிளகாய்த்தூள் வையும். கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. நல்ல பந்து, காசுக்குப் பெறுமதி, பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காது. வாங்கும்போது மட்டும் ஒன்று கூட வாங்கும். பெடியன்களுக்கு இரண்டு காணும். மூன்றாவதை நீர் வைத்திரும்.